பழைய வண்டியும் புதிய பூட்டும்

1

நாட்டின் வரலாற்றை அரசர் வரிசையாகவும் போர் வரிசையாகவும் கற்பிக்கும் வழக்கம் நம் பாடசாலைகளில் இன்னும் ஒழிந்தபாடில்லை. மக்கள் எதில் ஏறிச் சென்றனர், அதனை இழுத்தவர் யார், அது நடுவழியில் நின்றுவிட்டபோது திருத்தியவர் யார் என்ற வினாக்களை எழுப்பினால் அதே வரலாறு வேறொரு முகத்தைக் காட்டும். ஒரு சமுதாயத்தின் உழைப்பும் உடைமையும் அறிவும் வீதியில் ஓடும் வண்டியிலே ஒன்றுகூடுகின்றன.

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதி குண்டசாலை, திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய என்னும் ஊர்களைத் தொட்டு மலையேறி, பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற இறக்கத்தின் வழியே சமவெளியை அடைகிறது. இவ்வீதியில், முன்னே செல்லும் வண்டியைக் கமராவினால் கண்டு தானாகவே பிறேக் பிடிக்கும் புத்தம்புதிய கார்களும் ஓடுகின்றன. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான மொறிஸ் மைனர்களும், ஒஸ்ரின்களும், லான்ட் றோவர்களும் ஓடுகின்றன. பழைய வண்டியை வைத்திருப்போர் அனைவரும் புதியது வாங்க வசதியற்றவர் அல்லர். 'கணினி இல்லாத வண்டிதான் வேண்டும்' என்று தேடி அலைந்து வாங்குவோர் நம்மிடையே உண்டு.

இவ்விருப்பத்திற்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் கூறப்படுகின்றன. செல்வர் வைத்திருந்தால் அது பழம்பொருட் பற்று. ஏழை வைத்திருந்தால் அது அறியாமை. இரண்டுமே சிந்திக்கும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காகக் கூறப்படுபவை. ஓர் இலட்சக்கணக்கான மக்கள் ஒரு பொருளைக் கைவிட மறுக்கும்போது அம்மறுப்பிற்கு ஒரு வரலாறு இருந்தே தீரும். அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

முதலில் ஒரு மயக்கத்தைப் போக்கிக்கொள்வோம். எளிய வண்டி என்பதனாலேயே அது நல்ல வண்டி ஆகிவிடாது.

கண்டி இராச்சியத்தின் கடைசிச் சிங்கள மன்னனான ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் (1707–1739) குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்தான்; மக்கள் அவனைக் குண்டசாலை அரசன் என்றே அழைத்தனர். அக்காலத்து வாகனங்களில் மிக எளியது பல்லக்கு. அதில் இயந்திரம் இல்லை, எரிபொருள் இல்லை, பழுதடைவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. பழுதடைந்தது அதனைச் சுமந்தவனின் தோள். பல்லக்கின் எளிமை உள்ளே இருந்தவனுக்கே எளிமையாக இருந்தது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817–18 கிளர்ச்சி குருதியில் அடக்கப்பட்டது. மலைநாட்டை ஆளப் படை செல்ல வேண்டும்; படை செல்ல வீதி வேண்டும். ஆளுநர் எட்வேட் பார்ன்ஸின் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி வெட்டப்பட்டது. கடுகண்ணாவையில் அவ்வீதியை அமைத்த பொறியியலாளர் டோசனுக்கு நினைவுக் கோபுரம் உண்டு. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தினால் இழுத்துவரப்பட்டுக் கல் உடைத்த விவசாயிகளுக்கு ஒரு கல்லும் இல்லை. வீதி முடிந்தபின், கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையின்பேரில் 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கூலி உழைப்பைச் சந்தைக்குக் கொண்டுவர விரும்பிய புதிய பொருளாதாரத்திற்கு அவ்வொழிப்புத் தேவையாயிருந்தது.

அவ்வீதியிலே கோப்பி மூடைகளை ஏற்றிய மாட்டுவண்டிகள் நாட்கணக்கில் ஊர்ந்தன. 1867இல் புகையிரதம் கண்டியை எட்டும் வரை மலைநாட்டின் செல்வமெல்லாம் மாட்டின் கழுத்தில் ஏறியே துறைமுகம் சேர்ந்தது. அதே ஆண்டளவில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலை பயிரிட்டார். அச்செல்வத்தை விளைவித்த தமிழ்த் தொழிலாளரோ மன்னாரிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப்பாதையில் கால்நடையாக வந்தவர்கள். கோப்பிக்கு வண்டி இருந்தது. கோப்பி பறித்தவனுக்கு வண்டி இல்லை. பின்னாளில் கொழும்பு வீதிகளில் கைரிக்‌ஷாவை இழுத்தோடியவர்களிலும் பலர் தமிழகத்து ஏழைகளே.

1906இல் கொழும்பு வண்டிக்காரர் வேலைநிறுத்தம் செய்தனர், 1929இல் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் டிராம் தொழிலாளர் போராடினர். வண்டியின் வகை மாறியபோதும், அதை ஓட்டுபவனுக்கும் உடைமையாளனுக்கும் இடையிலிருந்த முரண்பாடு மாறவில்லை. எனவே பழமையைப் பழமை என்பதற்காகவே போற்றுவது நமது வேலையன்று.

3

1948இல் இங்கிலாந்தின் இரண்டு வண்டிகள் அறிமுகமாயின. ஒன்று, அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த மொறிஸ் மைனர். மற்றது லான்ட் றோவர். போருக்குப் பிந்திய உருக்குப் பஞ்சத்தினால் லான்ட் றோவரின் உடல் அலுமினியக் கலவைத் தகட்டினாற் செய்யப்பட்டது. அவ்வறுமையே அதற்கு நீண்ட ஆயுளைத் தந்தது. மழை மிகுந்த மலைநாட்டிலே உருக்கு துருவேறும், அலுமினியம் அவ்வாறு துருவேறாது. மொறிஸ் மைனரோ 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தியாயிற்று. பிரித்தானியக் கம்பனிகளின் சந்தையாக இருந்த இலங்கைக்கு இவ்வண்டிகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின.

இவ்வண்டிகளின் இயல்பை அறிந்தாலன்றி அவற்றின் மீது மக்கள் கொண்ட பற்றை விளங்கிக்கொள்ள இயலாது. பெற்றோல் எஞ்சின் ஓட மூன்று பொருள் வேண்டும்: எரிபொருள், காற்று, தீப்பொறி. எரிபொருளையும் காற்றையும் கலப்பது காபரேற்றர். ஒரு சிறு மிதவையும் சில துளைகளுமே அதன் உறுப்புக்கள். தீப்பொறியை உரிய வேளையில் பகிர்ந்தளிப்பது 'டிஸ்ரிபியூற்றர்'. அதனுள்ளே இரு சிறு உலோக முனைகள் திறந்து மூடுகின்றன. அவற்றிற் கரிபடிந்தால் தேய்த்துத் துடைத்து, இடைவெளியைச் சரிசெய்தால் போதும். மின்கலம் இறந்துபோனால் முன்புறத்தில் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றி எஞ்சினை உயிர்ப்பிக்கலாம். வண்டி நின்றுவிட்டால் மூன்றில் எது குறைந்தது என்று கண்ணாலும் காதாலும் மூக்காலும் கண்டறியலாம். அறிவு வண்டியின் உறுப்புக்களிலேயே திறந்து கிடந்தது. படிக்க விரும்பியவன் படித்துக்கொண்டான்.

அப்படிப் படித்தவர்களே நம் கராஜ்களின் 'பாஸ்'மார். டச்சுக்காரர் விட்டுச்சென்ற இச்சொல் இலங்கையில் கைத்தொழில் வல்லானைக் குறிக்கும். தோட்டத்துப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட சிறுவன் பாஸிடம் எடுபிடியாகச் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, எண்ணெயில் தோய்ந்து, ஏச்சும் அடியும் வாங்கி, பத்து ஆண்டுகளில் தானும் ஒரு பாஸாக உயர்ந்தான். இக்கல்வியைப் பொன்னாக்கிப் பேசவேண்டியதில்லை. சம்பளமின்றிச் சுரண்டப்பட்ட சிறுவரின் உழைப்பின் மீதே அது நின்றது. ஆயினும் சான்றிதழும் ஆங்கிலமும் இல்லாத ஏழைக்குத் தொழில்நுட்ப அறிவின் கதவு திறந்திருந்த இடம் அது ஒன்றுதான் என்பதையும் மறுப்பதற்கில்லை.

1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உதயமாயிற்று. தனியார் பஸ் முதலாளிமாரின் ஆதிக்கத்திற்கு முடிவுகட்டிய இந்நடவடிக்கை இடதுசாரி இயக்கத்தின் நெடுங்காலக் கோரிக்கைகளுள் ஒன்று. வேரஹெரவில் சபையின் பெரும் வேலைத்தலம் அமைந்தது. ஜேர்மன் உதவியுடன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையமொன்றும் தோன்றியது. லண்டன் நகரில் ஓடிக் கழித்துவிடப்பட்ட இரட்டைத்தட்டுப் பஸ்கள் நூற்றுக்கணக்கில் வாங்கப்பட்டன. ஏகாதிபத்தியத் தலைநகரின் கழிவு என்று சிலர் இகழ்ந்தனர். ஆனால் அப்பஸ்களைத் திருத்தத் தெரிந்த தொழிலாளர் இங்கே இருந்ததனால் அவை மேலும் பல்லாண்டு உழைத்தன.

முற்போக்கான இந்நடவடிக்கையின் மேனியிலே ஒரு தழும்பும் உண்டு. இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் பொறித்த சபைப் பஸ்கள் 1958இல் வடக்கிற்கு அனுப்பப்பட்டன. எதிர்ப்பியக்கம் மூண்டது, வடக்கில் அவ்வெழுத்தின் மீது தார் பூசப்பட்டது, தெற்கிலே தமிழெழுத்துக்கள் தார்பூசி அழிக்கப்பட்டன. பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. மக்களின் உடைமையாக்கப்பட்ட பஸ், மக்களில் ஒரு பகுதியினரை நோக்கி 'இது உன்னுடையதன்று' என்று கூறும் பஸ்ஸாகவும் ஆக்கப்பட்டது. உடைமை மாறினால் மட்டும் போதாது, அவ்வுடைமையில் எல்லா மக்களுக்கும் சமபங்கு வேண்டும் என்ற பாடத்தை அன்று நாடு கற்கவில்லை.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியது. கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு மேலும் இறுகிற்று. புதிய வண்டி வராத நாட்டிலே பழைய வண்டியைச் சாகவிடாது காப்பது ஒரு தொழிலாக வளர்ந்தது. கடைசலில் உறுப்புக்கள் கடையப்பட்டன. தகடுகள் கையால் அடித்து வளைக்கப்பட்டன. இத்திறமையின் பெருமையைப் பின்னாளில் இங்கிலாந்தே ஒப்புக்கொண்டது. பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்தியவரும், நீடித்துழைக்கும் கார் பற்றி 1982இல் நூல் எழுதியவருமான சார்ள்ஸ் வெயர், 1990களில் அக்காருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலே செய்விக்க ஏற்பாடு செய்தார். தாய்நாடு மறந்துவிட்ட கைத்திறன் முன்னாள் குடியேற்ற நாட்டில் உயிரோடிருந்தது.

4

எளிய வண்டியின் மதிப்பு முழுமையாகத் துலங்கியது யாழ்ப்பாணத்தில், 1990க்குப் பின்னர்.

அவ்வாண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், மின்கலம், உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்ட பொருட்களின் பட்டியலிற் சேர்ந்தன. மின்சாரம் அற்றது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. ஆயினும் குடாநாட்டில் மோட்டார் வண்டிகள் முற்றாக நின்றுவிடவில்லை. 'ஏ போட்டி' என்று மக்கள் அழைத்த ஒஸ்ரின் ஏ40களும், கேம்பிரிட்ஜ்களும், மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின.

அது எவ்வாறு இயன்றது? மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே ஒரு சிறு போத்தலிலே தங்கம்போற் சேமித்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரினுள் பீய்ச்சி எஞ்சினை உயிர்ப்பிப்பர். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் ஆவியாகத் தொடங்கும். அதன்பின் அதுவே வண்டியை இழுக்கும். மண்ணெண்ணெயை அதிகமாக அழுத்தினால் தீப்பொறிக்கு முன்னரே பற்றி எஞ்சினை இடித்து நொறுக்கிவிடும். ஆனால் 1950களின் எஞ்சின்கள் எரிவாயுக் கலவையை ஏறத்தாழ ஏழிலொன்றாக மட்டுமே அழுத்துபவை. அதனால் அவ்வெரிபொருளைப் பொறுத்துக்கொண்டன. பெற்றோலில் தொடங்கி மலிவான எண்ணெயில் உழும் இதே முறை ஒருகாலத்தில் பெர்குசன் உழவு இயந்திரங்களில் கம்பனியே அமைத்துக் கொடுத்த முறைதான். யாழ்ப்பாணத்து மெக்கானிக்மார் அதனைக் காருக்குப் பொருத்தினர். கரும்புகை கக்கிற்று, எஞ்சின் எண்ணெய் நீர்த்துப்போயிற்று, அடிக்கடி பிரித்துத் துடைக்க வேண்டியதாயிற்று. எனினும் பிள்ளைப்பேற்றுக்குப் பெண்களையும், ஷெல் வீச்சில் காயமுற்றோரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற வண்டிகளில் இவையும் இருந்தன.

கணினியால் எரிபொருள் அளந்து செலுத்தப்படும் இன்றைய கார் அவ்விடத்தில் என்ன ஆகியிருக்கும்? அதன் எஞ்சின் கலவையைப் பத்தில் ஒன்றாகவோ அதற்கும் மேலாகவோ அழுத்துவது. உயிருள்ள மின்கலமின்றி அதன் மூளை விழிக்காது. எரிபொருள் மாறியதை உணரிகள் பிழையென்று அறிவிக்கும். அதன் அறிவெல்லாம் உரிய எரிபொருளும், உரிய பாகமும், உரிய முகவர் நிலையமும் இருக்கும் உலகத்திற்காக ஆக்கப்பட்ட அறிவு.

1995 இடப்பெயர்வின்போதும், அதன்பின் வன்னியிலும், 2002 போர்நிறுத்தத்தின்பின் ஏ9 வீதி திறக்கும் வரையும் இம்மண்ணெண்ணெய் வாழ்வு தொடர்ந்தது. போரையும் தடையையும் நாம் எவ்வகையிலும் அழகுபடுத்திப் பேசலாகாது. மண்ணெண்ணெய்ப் புகையை மூச்சில் வாங்கியவர் அதை விரும்பி வாங்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெளியுலகின் தொடர்பு முற்றாக அறுக்கப்பட்ட மக்கள், தம் கையால் திறந்து பார்க்கக்கூடிய கருவிகளைக் கொண்டே அன்றாட வாழ்வை நடத்தினர். அக்கருவிகளின் உட்புறம் அவர்களுக்கு மறைக்கப்பட்டிருக்கவில்லை.

5

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. யப்பானிலிருந்து ஓடிக் கழிந்த கார்களும் வான்களும் 'ரீகண்டிஷன்' என்ற பெயருடன் வந்து குவிந்தன. தொடக்கத்தில் வந்தவை பழைய பொறிமுறை வண்டிகளே. பாஸ்மார் விரைவில் அவற்றையும் கற்றுக்கொண்டனர். காலம் செல்லச் செல்ல வண்டிக்குள் கணினி புகுந்தது. 2010களில் ஹைபிரிட் கார்கள் மலைநாட்டு வீதிகளையும் நிறைத்தன. திரையில் யப்பானிய எழுத்து. பழுதென்றால் ஒரு மஞ்சள் விளக்கு. அவ்விளக்கு என்ன கூறுகிறது என்பதை அறிய ஒரு கருவி. அக்கருவியை வைத்திருப்போர்க்கு ஒரு கட்டணம். முன்கண்ணாடியை மாற்றினால், அதன் பின்னாலுள்ள கமராவின் பார்வையை மீண்டும் சரிசெய்ய வேண்டும். சிறுகராஜில் இருபது முப்பது ஆண்டு உழைத்த பாஸ், எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் மூடும் நிலை வந்தது. அவருடைய காது இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது. அதற்குக் கேட்கும்படி வண்டி பேசுவதில்லை.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் தீர்க்க இயலாதென அறிவித்தது. எரிபொருள் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டன. உதிரிப்பாகம் கிடைக்காமல் நவீன வண்டிகள் முற்றங்களில் நின்றன. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, ஏறக்குறைய ஐந்தாண்டுகள், 1960களின் நிலை மீண்டும் வந்ததென்றே சொல்லலாம். கைவிடப்பட்டுக் கிடந்த பழைய வண்டிகள் கொட்டிலிலிருந்து வெளியே வந்தன. பழைய பாஸ்மாரைத் தேடி ஆட்கள் போயினர். 'கணினி இல்லாத வண்டி வேண்டும்' என்ற குரலின் பின்னணி இதுவே. ஒருமுறை அல்ல, இருமுறை, மும்முறை கதவு அடைபட்டதைக் கண்ட மக்களின் முன்னெச்சரிக்கை அது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நிலையன்று. தார்ஜிலிங் மலைப்பகுதியில் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பு உச்சி வரை, தேயிலைத் தோட்ட ஆங்கிலேயர் விட்டுச்சென்ற 1950களின் லான்ட் றோவர்கள் அண்மைக் காலம் வரை பயணிகளை ஏற்றிச் சென்றன. அவற்றின் உரிமையாளரான மலைவாசிகள் தமக்கென ஒரு சங்கமும் வைத்துள்ளனர். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே, 2020ஆம் ஆண்டளவில் நாற்பதாண்டுப் பழைமையான உழவு இயந்திரங்களை விவசாயிகள் ஏலத்தில் போட்டியிட்டு வாங்கினர். புதிய இயந்திரம் அறுவடை நாளன்று நின்றுவிட்டால், கம்பனியின் ஆள் கணினியுடன் வரும்வரை பயிர் வயலில் கிடந்து அழியும். பழையதை அவர்களே திருத்திக்கொள்வர். இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கியவனுக்கு அதனுள்ளிருக்கும் மென்பொருள் சொந்தமில்லை என்று கம்பனிகள் வாதிட்டன. 2023இல் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளைத் திருத்தும் உரிமையைச் சட்டமாக்கிற்று. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வணிக ஆணையமே ஜோன் டியர் கம்பனி மீது வழக்குத் தொடுத்தது.

இன்னொரு நிகழ்ச்சியும் நினைக்கத்தக்கது. 2022இல் உக்ரேனின் மெலிற்றோபொல் நகரிற் கொள்ளையிடப்பட்ட விவசாய இயந்திரங்கள் வெகுதொலைவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பின்னரும், தொலைவிலிருந்தே பூட்டப்பட்டுப் பயனற்றவையாயின. கொள்ளையர் ஏமாந்தது நியாயமே. ஆனால் திருடனின் கையில் வண்டியை முடக்கும் அதே திறவுகோல், கடன் கட்டத் தவறிய விவசாயியின் கையிலும், நாளை ஒரு முழு நாட்டின் கையிலும் அதை முடக்க வல்லது. யாழ்ப்பாணத்துக்குத் தடை விதித்தோர் எண்ணெய்ப் பீப்பாய்களை வீதியில் மறிக்க வேண்டியிருந்தது. இனிவரும் தடைக்கு வீதியே தேவைப்படாது.

6

இவ்வளவும் கூறியபின், மறுபக்கத்தையும் அதே நேர்மையுடன் நோக்கல் வேண்டும்.

மொறிஸ் மைனர் தொடக்கத்தில் ஆசனப்பட்டி இன்றியே வந்தது. மோதினால் சுக்கானின் இரும்புத்தண்டு சாரதியின் நெஞ்சை நோக்கியிருக்கும். அதன் பிறேக் நீண்ட இறக்கத்திற் சூடேறித் தளரும். பதினெட்டு வளைவில் இறங்கும் எவரும் இதன் பொருளை அறிவர். 1965இல் ரால்ப் நேடர் அமெரிக்கக் கார்க் கம்பனிகளின் அலட்சியத்தை அம்பலப்படுத்தி நூல் எழுதியபோது, எளிய காலத்து வண்டிகளின் வடிவமைப்பிலேயே மரணம் உறைந்திருந்ததை எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டே அந்நாட்டிற் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பாதுகாப்பு என்பது முதலாளி இரங்கிக் கொடுத்ததன்று, போராடிப் பெற்றது.

1978இல் ஜேர்மனியில் அறிமுகமான, சக்கரம் பூட்டிக்கொள்ளாது காக்கும் பிறேக் முறையும், 1995இல் வந்த, வண்டி வழுக்கிச் சுழலாது காக்கும் மின்னணுக் கருவியும் எண்ணற்ற உயிர்களைக் காத்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் தானே பிறேக் பிடிக்கும் கருவியும், வேக எல்லையை நினைவூட்டும் கருவியும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. இவற்றைச் 'சாரதியின் திறமையை அவமதிப்பவை' என்று எள்ளி நகையாடுவோர் உளர். பதினாறு மணிநேரம் தொடர்ந்து ஓட்டிய சாரதிக்குத் திறமை எங்கிருந்து வரும்? களைத்த உழைப்பாளியின் கண் ஒரு கணம் மூடும்போது விழித்திருக்கும் கருவியை உழைப்பாளரின் நண்பன் என்றே நாம் கொள்ள வேண்டும்.

2025 மே 11ஆந் திகதி கதிர்காமத்திலிருந்து குருணாகல் நோக்கிச் சென்ற சபைப் பஸ்ஸொன்று கொத்மலையில் கெரண்டி எல்லைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அளவுக்கு மிஞ்சிய பயணிகள், இரவு முழுதும் நீண்ட பயணம், ஆசனப்பட்டியற்ற இருக்கைகள், மலைவீதி. இத்தகைய பஸ்ஸில் ஏறுவோர், பழைய வண்டியா புதிய வண்டியா என்று தெரிவு செய்யும் வாய்ப்புப் பெற்றவர் அல்லர். பழைமையை விரும்பி வாங்கும் செல்வனின் ஒஸ்ரின் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே வரும். பழைமையின் மீது வேறு வழியின்றி ஏற்றப்பட்ட ஏழை ஒவ்வொரு நாளும் அதிற் பயணம் செய்கிறான். தானே பிறேக் பிடிக்கும் கருவி இந்நாட்டில் முதலில் வந்துசேர்ந்தது தனியாரின் சொகுசுக் காருக்கு. எண்பது பேரைச் சுமக்கும் பஸ்ஸுக்கன்று. இம்முறைகேட்டைப் பேசாது, எளிய வண்டியின் புகழ் மட்டும் பாடுவோமானால், நமது பேச்சு செல்வரின் பொழுதுபோக்குக்குப் பக்கவாத்தியமாகவே முடியும்.

7

அங்ஙனமாயின் முடிவு யாது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து நெசவாளர் இயந்திரங்களை உடைத்தனர். இயந்திரம் வேறு, அதனை முதலாளி பயன்படுத்தும் முறை வேறு என்பதைத் தொழிலாளர் பிரித்தறியக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று மார்க்ஸ் விளக்கினார். நம் முன்னிருப்பதும் அதே பிரித்தறிதல்தான். பழைய வண்டியை நாடும் மக்கள் உண்மையில் நாடுவது பழைமையை அன்று. தம் கருவியின் மீது தமக்கிருந்த அதிகாரத்தை. புதிய வண்டியில் அவர்கள் அஞ்சுவது பாதுகாப்பை அன்று. பாதுகாப்பு என்னும் பெயருடன் சேர்த்து விற்கப்படும் பூட்டை.

அப்பூட்டு இயற்கையின் நியதியன்று என்பதற்கு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1959இல் வொல்வோக் கம்பனியின் பொறியியலாளர் நில்ஸ் போலின் இன்று உலகெங்கும் வழங்கும் மும்முனை ஆசனப்பட்டியை ஆக்கினார். அதன் காப்புரிமையைக் கம்பனி எல்லோருக்கும் திறந்துவிட்டது. எந்த நாட்டுத் தொழிற்சாலையும் அதைச் செய்யலாம். எந்தக் கராஜும் அதைப் பொருத்தலாம். எந்தப் பாஸும் அதைத் திருத்தலாம். உயிர் காக்கும் அறிவு திறந்த அறிவாக இருந்ததனாலேயே அது ஏழையின் வண்டிக்கும் வந்தது. ஆசனப்பட்டிக்கு இயன்றது கமராவுக்கும் கணினிக்கும் ஏன் இயலாது?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருத்தல் வேண்டும். இந்நாட்டில் வண்டி விற்கும் எந்தக் கம்பனியும் அதன் பழுதறியும் கருவிகளையும் விளக்க நூல்களையும், நியாய விலையில், சிங்களத்திலும் தமிழிலும் சிறுகராஜ்களுக்கு வழங்குமாறு சட்டம் வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் முதலில் பொதுப் பஸ்களுக்கு வரல் வேண்டும். அதற்கு முன்பாகச் சாரதிக்குப் போதிய ஓய்வும் பயணிக்கு ஓர் இருக்கையும் வரல் வேண்டும். கராஜ்களில் எடுபிடியாய் நிற்கும் சிறுவனுக்குப் பாடசாலையும், வளர்ந்த இளைஞனுக்குச் சம்பளத்துடன் கூடிய தொழிற்பயிற்சியும் உரிமையாதல் வேண்டும். காபரேற்றரைக் கற்ற மூளைக்குக் கணினியைக் கற்கும் ஆற்றல் இல்லையென்று எவரும் நிரூபித்ததில்லை. கற்பிக்கப்படவில்லை என்பதே உண்மை.

ஆசிரியராகிய நமக்கும் இதில் வேலை உண்டு. மெக்கானிக்கின் மகன் நம் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறான். தந்தையின் தொழில் கண்முன்னே கைநழுவிப் போவதை அவன் பார்க்கிறான். ஏன் என்று அவனுக்கு எவரும் சொல்வதில்லை. விஞ்ஞானப் பாடத்தில் எஞ்சினையும், வரலாற்றுப் பாடத்தில் கடுகண்ணாவையில் கல் உடைத்தவனையும், குடிமையியற் பாடத்தில் திருத்தும் உரிமையையும் நாம் கற்பிக்கலாம். பழைய வண்டிகள் இன்னும் சில காலம் ஓடும். பிறகு அவையும் ஒருநாள் நின்றுவிடும். அதற்குள், அவை கற்றுத்தந்த திறந்த அறிவைப் புதிய வண்டிகளுக்கும் உரியதாக்கும் பொறுப்பு இத்தலைமுறையின் கையில் இருக்கிறது.